கூட்டி வந்தவரும் வந்தவரும்: சிறார் உளச்சிகிச்சையில் சம்மதம் குறித்து

1. கேள்வி

மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பதினாறு வயதுப் பெண்ணைத் தாயும் தாய்மாமனும் மதுரைக்குக் கூட்டி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதமாக அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, பள்ளிக்கூடம் போக மறுக்கிறாள், ராத்திரியில் அழுகிறாள். கோடாங்கி பார்த்தாயிற்று. பாண்டி கோயிலுக்கும் போய் வந்தாயிற்று. இப்போது கையில் இருப்பது பெரியாஸ்பத்திரி ஓ.பி. சீட்டாகவோ தனியார் ஆலோசனை மையத்தின் படிவமாகவோ இருக்கலாம். உள்ளே நுழைந்ததும் மாமன்தான் பேசுகிறார்: “வேற சாதிப் பையன்கூடப் பழக்கம் சார். நீங்க நாலு வார்த்தை எடுத்துச் சொல்லி மறக்க வைங்க.” படிவத்தில் தாய் கையெழுத்துப் போடுகிறார். பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கற்பனைச் சூழல்தான். ஆனால் இந்த வட்டாரத்தில் வளர்ந்த எவருக்கும் புதிதாகத் தோன்றாது. இதில் என் கேள்வி ஒன்றே ஒன்று: தாய் போட்ட கையெழுத்து எதற்கான சம்மதம்?

அந்த ஒரு கையெழுத்துக்குள் இரண்டு சம்மதங்கள் அடங்கியிருக்கின்றன என்பது என் வாதம். பிள்ளையைச் சிகிச்சை அறைக்குக் கூட்டி வருவதற்கான சம்மதம் ஒன்று. அந்தச் சிகிச்சை பிள்ளைக்குள் எதை மாற்றப் பார்க்கிறது என்பதற்கான சம்மதம் மற்றொன்று. முன்னதைத் தரப் பெற்றோருக்கு உரிமையும் கடமையும் உண்டு. பின்னதைப் பிள்ளைக்குப் பதிலாக அவர்கள் தந்துவிட முடியாது. நம் சட்டங்களும் மருத்துவமனைப் படிவங்களும் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையை உணர்த்தும் தீர்ப்பு ஒன்றோ மதுரையிலேயே, வேறொரு பொருளில், எழுதப்பட்டுவிட்டது.

சிக்கல் சிறியதல்ல. நிம்ஹான்ஸ் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையிலான சிறாரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகக் கணித்தது. இவர்களில் தானாகச் சிகிச்சை தேடி வருபவர் அரிது. கிட்டத்தட்ட எல்லோருமே யாரோ கூட்டி வந்து உட்கார வைத்தவர்கள்.

2. சட்டம் சொல்வதும் சொல்லாததும்

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. சம்மதத்துக்கு அது தரும் வரையறை நல்ல வரையறை. வற்புறுத்தல், மிரட்டல், ஏமாற்று, தகாத செல்வாக்கு எதுவும் இருக்கக்கூடாது. செய்யப்போவதன் நன்மை, ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றை அந்த நபருக்குப் புரியும் மொழியிலும் முறையிலும் எடுத்துச் சொன்ன பிறகே பெற வேண்டும். புரியும் மொழி என்ற இந்த நிபந்தனையை மட்டும் கறாராகப் பிடித்தால்கூட, ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தை நீட்டி “இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா” என்று விரலால் காட்டும் வழக்கம் சட்டத்துக்கு உட்பட்டதல்ல என்றாகிவிடும்.

சிறார் என்றால் பதினெட்டு நிறையாதவர். 15ஆம் பிரிவின்படி சட்டப்பூர்வக் காப்பாளரே அவர்களுடைய நியமனப் பிரதிநிதி. சிறாரை உள்நோயாளியாகச் சேர்ப்பதற்கு 87ஆம் பிரிவு கடும் நிபந்தனைகள் விதிக்கிறது. இரு மனநல மருத்துவர்கள், அல்லது ஒரு மனநல மருத்துவரும் மற்றொரு மனநலப் பணியாளரோ மருத்துவரோ, தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். பெரியவர்களோடு சேர்த்துத் தங்க வைக்கக்கூடாது. காப்பாளரோ அவர் நியமித்த துணையாளரோ உடனிருக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். சிகிச்சைக்கான சம்மதத்தைப் பிரதிநிதி தருவார். சிறாருக்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சையை 95ஆம் பிரிவு பொதுவாகத் தடுக்கிறது. தவிர்க்க முடியாதென்று மருத்துவர் கருதினால் காப்பாளர் சம்மதத்தோடு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும்.

இந்தக் கவனம் முழுவதும் வார்டுக்கும் மின்னதிர்ச்சிக்கும் செலவாகிவிட்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகி மாண்ட நாட்டில் எழுதப்பட்ட சட்டம் வார்டைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் மனநல உதவி பெறும் சிறாரில் பெரும்பாலோர் வார்டுக்குள் போவதே இல்லை. வெளிநோயாளியாக வந்து முக்கால் மணி நேரம் பேசிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பேச்சுக்கு யார் சம்மதம் தர வேண்டும் என்பது பற்றிச் சட்டத்தில் தனி ஏற்பாடு கிடையாது.

வாசகத்தைக் கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. முன்கூட்டிய விருப்ப ஆவணம், பிரதிநிதி நியமனம், தானாக முன்வந்து உள்நோயாளியாகச் சேர்வது ஆகிய இடங்களில் ‘சிறார் அல்லாத எவரும்’ என்று சட்டம் வெளிப்படையாக விலக்கு வைக்கிறது. முடிவெடுக்கும் திறனைப் பற்றிப் பேசும் 4ஆம் பிரிவிலோ ‘ஒவ்வொரு நபரும்’ என்றே இருக்கிறது. தகவலைப் புரிந்துகொள்ளவோ விளைவை எடைபோடவோ முடிவைத் தெரிவிக்கவோ முடிந்தால் போதும். வெளிநோயாளிச் சிகிச்சையில் சிறாரின் சொந்த முடிவுக்கும் இடமுண்டு என்று இதை வைத்து வாதிடலாம். வலுவான வாதம் என்று சொல்லமாட்டேன்; ஒப்பந்தச் சட்டமும் காப்பாளர் சட்டங்களும் எதிரே நிற்கின்றன. ஆனால் சட்டம் கதவை முழுதாகச் சாத்தவில்லை.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். சிறாரை ஆராய்ச்சிக்கு உட்படுத்தினால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி, பெற்றோர் சம்மதத்தோடு 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் வாய்மொழி இசைவும் அதற்கு மேற்பட்டவர்களிடம் எழுத்து இசைவும் பெற வேண்டும். அதே பிள்ளைக்கு அதே அறையில் ஆராய்ச்சி இல்லாமல் வெறும் சிகிச்சை தருவதென்றால் இந்தக் கட்டாயம் இல்லை.

3. மதுரைக் கிளை, 2019

2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் வழங்கிய தீர்ப்பு பலருக்கும் திருமணத் தீர்ப்பாகவே நினைவிருக்கும். தூத்துக்குடியில் ஓர் ஆணும் திருநங்கை ஒருவரும் கோயிலில் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவுசெய்ய அதிகாரிகள் மறுத்தார்கள். இந்து திருமணச் சட்டம் சொல்லும் மணமகள் என்பதில் திருநங்கையும் அடங்குவார் என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. அதோடு தீர்ப்பு நிற்கவில்லை. இடைப்பால் உடலமைப்போடு பிறக்கும் குழந்தைகளுக்குப் பெற்றோர் விருப்பத்தின் பேரில் ‘சரிசெய்யும்’ அறுவைச் சிகிச்சை நடப்பதையும் எடுத்துக்கொண்டது. மதுரையைச் சேர்ந்த செயற்பாட்டாளர் கோபி ஷங்கரின் பணியை அங்கே நன்றியோடு குறிப்பிட்டது. பெற்றோரின் சம்மதத்தைக் குழந்தையின் சம்மதமாகக் கொள்ள முடியாது என்று சொல்லி, அத்தகைய அறுவைகளைத் தடைசெய்யும்படி அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், உயிருக்கு ஆபத்தான சூழல் நீங்கலாக, தமிழ்நாடு அரசு தடையாணை பிறப்பித்தது. மால்டா 2015இலேயே இதற்குச் சட்டம் இயற்றியிருந்தது. அந்த வரிசையில் தமிழ்நாடும் சேர்ந்தது.

சிசுவால் பேச முடியாது. ஆகவே அதற்காகப் பெற்றோர் பேசுவது இயல்பு. தடுப்பூசிக்கும் குடல்வால் அறுவைக்கும் அவர்கள்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். நீதிமன்றம் அந்த அதிகாரத்தைப் பிடுங்கவில்லை. பிள்ளையின் உயிரைக் காக்கத் தேவைப்படாத, ஆனால் அது யாராக வளரும் என்பதையே தீர்மானிக்கிற தலையீட்டுக்கு மட்டும் அந்த அதிகாரம் நீளாது என்றது. உயிர் காக்கும் சிகிச்சைக்கும் ஆளை வேறொருவராக ஆக்கும் தலையீட்டுக்கும் நடுவே நீதிமன்றம் போட்ட கோடு அது. உளச்சிகிச்சைக்கும் அந்தக் கோடு பொருந்துமா?

4. கத்தியும் பேச்சும்

பொருந்தாது என்பவர்களின் முதல் எதிர்வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. வெட்டியதை ஒட்ட முடியாது, பேசியதை மறந்துவிடலாம். பேச்சுச் சிகிச்சை பிடிக்காத பிள்ளை வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிட்டால் மருத்துவரால் ஒன்றும் செய்ய முடியாது. மயக்க மருந்து கொடுத்து மேசையில் கிடத்திய உடலுக்கு அந்தத் தப்பிக்கும் வழி இல்லை.

இது பாதி உண்மை. மீதியைக் காட்ட மதுரையிலிருந்தே இன்னொரு வழக்கு இருக்கிறது. ஒருவரையொருவர் நேசித்த, வயது வந்த இரண்டு இளம்பெண்கள் குடும்பங்களின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்குப் போனார்கள். காணவில்லை என்று புகார் பதிவாகி, போலீஸ் தேட, பாதுகாப்புக் கேட்டு அவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2021இல் வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவர்களையும் பெற்றோரையும் உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார். பிறகு, இப்பொருளில் தனக்கே தெளிவு போதவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லித் தானும் அந்த உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார். ஜூன் 7 அன்று வெளியான உத்தரவு, ஒருவரது பாலின ஈர்ப்பை மருத்துவத்தால் ‘குணப்படுத்த’ முயல்வதைத் தடைசெய்தது. மீறும் தொழில்முறையாளரின் உரிமத்தைத் திரும்பப் பெறுவது வரை நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது.

கத்தியைத் தொடாத சிகிச்சையும் ஆளைச் சிதைக்கும் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதாகத்தான் இதற்குப் பொருள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. குடும்பம் மாற்ற நினைத்தது பெண்களை. ஆலோசகர் முன்னால் நீதிமன்றம் உட்கார வைத்தவர்களில் பெற்றோரும் இருந்தார்கள், நீதிபதியும் இருந்தார். யாரிடம் மாற்றம் தேவை என்ற கேள்வியைச் சிகிச்சை தொடங்கும்போதே கேட்டாக வேண்டும், கூட்டி வந்தவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

இந்த உத்தரவின் எல்லையையும் பார்க்க வேண்டும். அது பாலின ஈர்ப்பையும் பாலின அடையாளத்தையும் பற்றியது. சாதி தாண்டிய காதலைப் பற்றியதல்ல. மருத்துவ ஆணையத்தின் அறிவிப்பு மருத்துவரைக் கட்டும். வாசலில் ‘கவுன்சிலிங் சென்டர்’ என்று பலகை மாட்டியவரைக் கட்டாது. ஆனால் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு விதி இருக்கிறது. ஒருவர் வாழும் சமூகத்தில் நிலவும் ஒழுக்க, சமூக, பண்பாட்டு மதிப்பீடுகளுக்கு அவர் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் இருப்பதாகத் தீர்மானிக்கக்கூடாது. மேலூர் மாமனின் வேண்டுகோளை இந்த விதியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெண்ணின் பசியின்மைக்கும் தூக்கமின்மைக்கும் சிகிச்சை தேவைப்படலாம். தாயின் கையெழுத்து அதற்குப் போதும். ‘மறக்க வைப்பது’ சிகிச்சையே அல்ல. அதற்கு ஊரே திரண்டு கையெழுத்துப் போட்டாலும் செல்லாது.

5. எந்த வயதில் தெரியும்?

அறிவுமுதிர்ச்சி குறித்த ஆய்வுகளில் லோயிஸ் வைதோர்னும் சூசன் கேம்ப்பெல்லும் 1982இல் வெளியிட்டது இன்றும் முதலில் எடுத்துக்காட்டப்படுவது. 9, 14, 18, 21 வயதினரிடம் கற்பனையான சிகிச்சைச் சூழல்களைக் கொடுத்து முடிவெடுக்கச் சொன்னார்கள். பதினான்கு வயதினரின் முடிவெடுக்கும் திறன் பெரியவர்களிடமிருந்து வேறுபடவில்லை. ஒன்பது வயதினர் காரணம் சொல்வதில் பின்தங்கினாலும் அவர்கள் தேர்ந்தெடுத்த வழிகள் பெரும்பாலும் விவேகமானவையாகவே இருந்தன. கற்பனைச் சூழலில் அமைதியாகத் தீர்மானிப்பது வேறு, கோபமும் பயமும் கொதிக்கும்போது தீர்மானிப்பது வேறு என்று பிற்கால வளரிளம்பருவ ஆய்வாளர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்த எச்சரிக்கை சரியானது. ஆனால் பெரியவர்களுக்கும் அது பொருந்தும் என்பதை யாரும் உரக்கச் சொல்வதில்லை.

பிரிட்டனில் 1985இல் பிரபுக்கள் சபை கில்லிக் வழக்கில், பதினாறு வயதுக்குட்பட்டவர் போதிய புரிதல் உள்ளவரானால் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம் என்றது. இந்தியாவில் அதற்கு இணையான தீர்ப்பு கிடையாது. ஆனால் மனநலச் சட்டம் வந்த அதே 2017இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவைப் பாருங்கள். நோயால் பாதிக்கப்பட்ட குடும்பத்தைத் தாங்கி நடத்தும், போதிய முதிர்ச்சியுள்ள, பன்னிரண்டு நிறைந்த பிள்ளை தன் தம்பி தங்கைக்குக் காப்பாளராகலாம். அவர்களுடைய சிகிச்சை விஷயத்திலும்கூட. பன்னிரண்டு வயது அக்கா தம்பியின் சிகிச்சைக்கு ஒப்புதல் தரலாம்; பதினேழு வயதில் தன் மனச்சோர்வைப் பேசித் தீர்க்க அவளுக்கே யாராவது கையெழுத்துப் போட வேண்டும். ஒரே ஆண்டில் ஒரே அவை செய்த இரண்டு சட்டங்கள் இவை.

6. அன்னா பிராய்டின் தயாரிப்புக் காலம்

உளச்சிகிச்சைக் கோட்பாட்டுக்குள் இந்தச் சிக்கலை முதலில் நேர்மையாக எதிர்கொண்டவர் அன்னா பிராய்டு என்று நினைக்கிறேன். 1920களின் பிற்பகுதியில் வியன்னாவில் ஆற்றிய விரிவுரைகளில், குழந்தை நோயாளியிடம் மூன்று விஷயங்கள் இல்லை என்றார்: தனக்கு நோய் என்ற உணர்வு, தானாக வந்த முடிவு, குணமாக வேண்டும் என்ற விருப்பம். பெரியவர் இந்த மூன்றோடு வருகிறார். குழந்தையைப் பெற்றோர் கொண்டுவருகிறார்கள். ஆகவே சிகிச்சைக்கு முன் ஒரு தயாரிப்புக் காலம் வேண்டும், குழந்தை தானே சிகிச்சையை விரும்பும் நிலைக்கு அதில் கொண்டுவர வேண்டும் என்றார். மெலனி கிளைன் இதைக் கடுமையாக மறுத்தார். முதல் நாளிலிருந்தே விளையாட்டின் வழியாகப் பகுப்பாய்வைத் தொடங்கலாம் என்பது அவர் நிலை. நுட்பத்தில் யார் சரி என்பதை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. பிள்ளையின் இசைவு வாசலில் ஒருமுறை வாங்கிவைக்கும் பொருளல்ல, சிகிச்சையின் முதல் வேலையே அதுதான் என்பது அன்னா பிராய்டிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

நடைமுறையில் இதற்குப் பெரிய செலவில்லை. கூட்டி வந்தவர்களை வெளியே உட்கார வைத்துவிட்டு, “உங்கம்மா ஒண்ணு சொன்னாங்க பாப்பா. உனக்கு என்ன சரியாகணும்னு தோணுது?” என்று கேட்பதில் அது தொடங்குகிறது. பதில் வராமல் போகலாம். இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில் “எனக்குத் தூக்கம் வந்தாப் போதும்” என்று வரலாம். அப்போது சிகிச்சையின் நோக்கம் தூக்கம்தான். தாய் கேட்டதும் மகள் கேட்டதும் வேறுவேறாக இருந்தால் இரண்டையும் ஏட்டில் தனித்தனியாக எழுதிவைப்பது குறைந்தபட்ச நேர்மை.

7. குடும்பம் என்ற வாதம்

தன்னாட்சி என்பது மேற்கத்தியச் சரக்கு, நம் ஊரில் குடும்பமே நோயாளி, குடும்பமே மருந்து என்ற வாதம் அடிக்கடி எழும். இதற்கு மதிப்புமிக்க பின்புலம் உண்டு. வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1950களிலிருந்தே குடும்பத்தினரை நோயாளியோடு தங்க வைத்தது. உளமருத்துவர் ஜே.எஸ். நேகி 1973இல் குரு–சீடர் உறவையே இந்திய உளச்சிகிச்சைக்கு முன்மாதிரியாக முன்வைத்தார். சார்ந்திருத்தலை நோயாகப் பார்க்கும் மேற்கத்தியப் பார்வை இங்கே செல்லாது என்றார்.

ஏற்கத்தக்க வாதம்தான். ஆனால் சீடன் குருவைத் தேடி வருகிறான், யாரும் அவனைக் கட்டி இழுத்து வருவதில்லை. குருவின் அதிகாரம் சீடனின் விருப்பத்தில் நிற்பது. நேகியின் மாதிரியை முழுதாக எடுத்துக்கொண்டால் அது பிள்ளையின் இசைவுக்குச் சாதகமாகவே முடிகிறது.

மேலும், எந்தக் குடும்பம்? மதுரைச் சுற்றுவட்டாரத்தில் தகப்பன் திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்; பிள்ளை அப்பத்தா வீட்டில் வளர்கிறது; முடிவெடுப்பவர் தாய்மாமன். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டத்தில் அப்பத்தாவுக்கும் மாமனுக்கும் இயற்கைக் காப்பாளர் என்ற இடம் இல்லை. ஆக, குடும்பத்தின் குரலாக அறைக்குள் ஒலிப்பது பல சமயம் சட்டத்தின் கண்ணில் சம்மதமே அல்ல. அந்தப் பிள்ளையைப் பேருந்தில் பக்கத்தில் உட்கார வைத்து அழைத்து வந்த அப்பத்தாதான் அதன் நிலையை உண்மையில் அறிந்தவர் என்பதும் உண்மை. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி காப்பாளர் பிள்ளையின் நலனுக்கு உகந்தபடி நடக்கவில்லை என்றாலோ பொருத்தமற்றவர் என்றாலோ வேறு பிரதிநிதியை நியமிக்க வாரியத்திடம் விண்ணப்பிக்கலாம். மனநலப் பணியாளரே விண்ணப்பிக்கலாம். வாராவாரம் வந்து போகும் பேச்சுச் சிகிச்சைக்கு இது மிகவும் கனமான கருவி.

8. ரகசியத்தின் விலை

சம்மதம் பெறுமுன் சொல்ல வேண்டியவற்றில் இன்று மிகக் கடினமானது ரகசியத்தின் எல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நோயாளியின் தகவலைக் காக்கச் சொல்கிறது. ஆனால் நியமனப் பிரதிநிதி தன் கடமையைச் செய்யத் தேவையான தகவலைத் தரலாம் என்கிறது. சிறாருக்குப் பிரதிநிதி பெற்றோரே. பிள்ளை எவரிடமிருந்து ஒளிக்க நினைக்கிறதோ அவரிடமே சாவி.

அடுத்தது போக்சோ. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் இந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததாக அறிபவர் எவரும் காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. பதினேழு வயதுப் பெண் தன் காதலனோடு உள்ள உடலுறவைச் சொன்னால் ஆலோசகர் அதை ரகசியமாக வைத்திருக்க முடியாது. வன்கொடுமைக்கு ஆளான குழந்தையைக் காப்பதற்கு இந்த விதி அவசியம், மறுப்பதற்கில்லை. வளரிளம்பருவக் காதலையும் அதே விதி அள்ளிக்கொண்டு போவதன் சிக்கலைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019இலும் 2021இலும் சுட்டியிருக்கிறது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் புகாரில் சொல்ல வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் வழி திறந்தது. உளச்சிகிச்சைக்கு அப்படியொரு வழியை எந்தத் தீர்ப்பும் தெளிவாகத் திறக்கவில்லை.

ஆகவே “என்கிட்ட எது வேணாலும் சொல்லலாம்” என்று தொடங்குவது பொய். உயிருக்கு ஆபத்து என்றால் வீட்டில் சொல்வேன், பதினெட்டு வயதுக்குள் உடல்ரீதியாக யாரோடு எது நடந்திருந்தாலும் சட்டப்படி தெரிவித்தாக வேண்டும், மற்றது எதுவும் உன்னைக் கேட்காமல் போகாது என்று பிள்ளை வாய் திறக்கும் முன்பே சொல்ல வேண்டும். சொன்னால் சில பிள்ளைகள் மௌனமாகிவிடுவார்கள். அந்த மௌனத்துக்கு ஈடுகட்டச் சிகிச்சையாளரிடம் எதுவும் இல்லை. ஆனால் ஏமாந்துபோய்ப் பேசியதை அவர்கள் சம்மதித்துப் பேசியதாகக் கொள்ள முடியாது.

9. என் வாதம் செல்லாத இடங்கள்

தற்கொலை எண்ணத்தின் உச்சியில் இருக்கும் பிள்ளையிடமும், குரல்கள் கேட்டு உணவில் விஷம் என்று மறுக்கும் பிள்ளையிடமும் நோக்கத்தைப் பேசி முடிவுசெய்ய நேரம் இல்லை. அங்கே காப்பாளரின் சம்மதமும் 87ஆம் பிரிவின் பாதுகாப்புகளும் போதும், தாமதம்தான் தவறு. மதுரைக் கிளைத் தீர்ப்பைத் தொடர்ந்த அரசாணையும் உயிராபத்துக்கு விலக்கு வைத்தது. ஐந்து ஆறு வயதுக் குழந்தையிடம் நோக்கம் என்பதை வார்த்தையில் கேட்பதும் பொருளற்றது. விளையாட வருகிறதா, கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறதா என்பதிலிருந்துதான் அதன் இசைவை அறிய வேண்டும்.

ஆனால் நெருக்கடி தணிந்த பிறகும் நெருக்கடிக் காலத்துச் சம்மதமே தொடர்வதுதான் வழக்கமாக இருக்கிறது. சேர்க்கும்போது தாய் போட்ட கையெழுத்து, வீடு திரும்பிய பின் வாராந்திரப் பேச்சுக்கும், அதற்கடுத்த ஆண்டின் பேச்சுக்கும் அப்படியே செல்லுபடியாகிறது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் மாத்திரைச் சீட்டோடு, இனி வரும் பேச்சு எதற்காக என்று பிள்ளையிடம் கேட்டு, அதன் பதிலை அதன் சொற்களிலேயே எழுதிக்கொள்ள ஒரு பத்தி இடம் ஒதுக்கினால் போதும். புதுச் சட்டம் தேவையில்லை. பதினெட்டு நிறையும் நாளில் அந்தக் கோப்பின் அடிப்படைப் பதிவுகளைப் பார்க்கும் சட்ட உரிமை அவன் கைக்கோ அவள் கைக்கோ வந்துவிடும். அன்று கோப்பைத் திறந்து, தன்னிடம் எதை மாற்றப் பார்த்தார்கள் என்று அவர்கள் தேடிப் படிக்கலாம்.